ஜெர்லின் பேசிய குரல்

ஜெர்லினைப் பற்றி எனக்கு முதலில் தெரியவந்தது ஒரு படிவத்திலிருந்துதான். பெயர் ஜெர்லின், வயது ஒன்பது, நான்காம் வகுப்பு. மனவளர்ச்சி குன்றியவர் என்ற கட்டத்தில் டிக். 'பேச்சு' என்ற இடத்தில் நீல மையில் 'இல்லை' என்று எழுதி, அதை அடித்துவிட்டு 'உண்டு' என்று எழுதி, அதையும் அடித்திருந்தார்கள். ஓரத்தில் பென்சிலில் ஒரு வரி: 'நேரில் வரவும்.'

அது 2005 ஜூலை மாதம். நான் சிறப்பாசிரியராக வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. மரக்காணம் வட்டார வள மையத்தில் எனக்கு நான்கு பள்ளிகள் கொடுத்திருந்தார்கள். காது கேளாத பிள்ளை, கண் பார்வை குறைந்த பிள்ளை, கால் நடக்க வராத பிள்ளை என்று யாராக இருந்தாலும் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே மற்ற பிள்ளைகளோடு உட்காரவைத்துப் படிக்கவைக்க வேண்டும். அதற்கு வாத்தியார்களுக்கு உதவுவதுதான் என் வேலை. ஜெர்லினின் பள்ளிக்குச் செவ்வாயும் வெள்ளியும் என்று ஒதுக்கியிருந்தார்கள். ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறங்கி, ஒரு பக்கம் உப்பளம், மறுபக்கம் சவுக்குத்தோப்பு என்று இருபது நிமிடம் நடந்தால் வரும். வகுப்பறையிலிருந்து கடல் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். மேற்கு ஜன்னலில் உப்புக் குவியல்கள் தெரியும். பத்து மணிக்கு மேல் அந்தப் பக்கம் கண்ணைத் திறந்து பார்க்க முடியாது. அவ்வளவு வெள்ளை.

தலைமை ஆசிரியர் பலராமன் சார் ஐம்பதைத் தாண்டியவர். நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் அவரிடம்தான். என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, "நான் ஒண்ணும் சொல்லமாட்டேன் டீச்சர். அட்டெண்டன்ஸ் எடுக்கறேன். நீங்களே பாருங்க" என்றார்.

மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஒல்லி. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. முன்னும் பின்னுமாக மெல்ல ஆடிக்கொண்டிருந்தாள். மற்ற பெஞ்சுகளில் நான்கு பேர், ஐந்து பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, அந்தப் பெஞ்சில் அவள் மட்டும்தான்.

பையன்கள் பெயரை முடித்துவிட்டு சார் பெண்கள் பெயருக்கு வந்தார். "அமுதா." "உள்ளேன் சார்." "எழிலரசி." "உள்ளேன் சார்." "ஜெர்லின்." அந்தப் பெண் பேசவில்லை. "வந்திருக்கா சார்" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள். "பானுமதி." "உள்ளேன் சார்."

சார் நிறுத்தினார். அடுத்த பெயரைச் சொல்லாமல் பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"உள்ளேன் ஸ்ஸார்."

கொஞ்சம் கரகரத்த, உற்சாகமான குரல். முன்பல் விழுந்த பிள்ளைகள் பேசும்போது காற்று சீறுமே, அப்படிச் சீறியது. சொன்னது ஜெர்லின்தான். அவளுடைய முன்பற்கள் இரண்டும் முழுசாக இருந்தன. முகத்தில் ஒரு அசைவும் இல்லை. சொல்லிவிட்டு மறுபடியும் ஆட ஆரம்பித்தாள்.

"லூர்துமேரி" என்றார் சார்.

வராந்தாவில் வைத்து எனக்கு விஷயத்தைச் சொன்னார். பானுமதிக்கும் லூர்துமேரிக்கும் நடுவில் போன வருடப் பதிவேட்டில் பூங்காவனம் என்று ஒரு பெயர் இருந்தது. உப்பளத்துக்கு வேலைக்குப் போகும் கொளஞ்சி என்பவளின் ஒரே மகள். டிசம்பர் இருபத்தாறாம் தேதி கடல் கொண்டுபோய்விட்டது. ஜூனில் புதுப் பதிவேடு போட்டபோது அந்தப் பெயரை எழுதவில்லை. முதல் நாள் பெயர் கூப்பிட்டபோதே அந்த இடத்தில் இந்தக் குரல் வந்துவிட்டது.

"எட்டு வயசு வரைக்கும் அந்தப் பொண்ணு வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசினது கெடையாது. இப்ப பேசுது. அதுவும் பூங்காவனம் மாதிரி இல்ல டீச்சர், பூங்காவனமே பேசற மாதிரி. "

"நிறுத்தாம அடுத்த பேரச் சொல்லிட்டா என்ன சார்?"

"சொல்லிப் பாத்தேன். லூர்துமேரி பேரு மேலயே அந்தக் குரலும் சேந்து வருது. அதுக்கு இது தேவல."

எனக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆட்டிசம் உள்ள சில குழந்தைகள் கேட்டதைக் கேட்டபடியே, அதே ராகம், அதே இழுப்போடு திருப்பிச் சொல்வார்கள். எதிரொலிப் பேச்சு என்று பெயர். எப்போதோ கேட்டதை மாதக்கணக்கில் கழித்துக்கூடச் சொல்வார்கள். பூங்காவனமும் ஜெர்லினும் மூன்று வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அவளைக் கை பிடித்துக் கூட்டி வருவதும் சாப்பிட வைப்பதும் பூங்காவனம்தான். அந்தக் குரல் இவளுக்குள் இருப்பதில் ஆச்சரியம் இல்லை என்று சாருக்கு விளக்கினேன். விளக்கும்போது என் குரல் சரியாகத்தான் இருந்தது.

"பெத்தவங்க கேட்ல வந்து நிக்கறாங்க டீச்சர். பேய் புடிச்ச புள்ள கூட எங்க புள்ளய உக்கார வெக்காதீங்கன்றாங்க. திண்டிவனத்துல ஸ்பெஷல் ஸ்கூல் இருக்குதுன்னாங்க. எழுதிக் குடுத்தீங்கன்னா…"

"குழந்தைய வெளிய அனுப்பக் கூடாதுன்னுதான் என்னை இங்க அனுப்பியிருக்காங்க சார். ஒரு மூணு மாசம் குடுங்க."

அன்று மத்தியானம் பிள்ளைகளிடம், ஜெர்லின் பக்கத்தில் யார் உட்காருகிறீர்கள் என்று கேட்டேன். யாரும் எழுந்திருக்கவில்லை. லூர்துமேரி மட்டும் மெதுவாகச் சொன்னாள். "அது பூங்கா எடம் டீச்சர்."

நானே போய் உட்கார்ந்தேன். ஜெர்லின் என்னைப் பார்க்கவில்லை. ஆனால் சுவரோரமாக நகர்ந்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு பிள்ளை உட்காரும் அளவுக்கு இடம் விட்டு நகர்ந்தாள். நான் அவள் பக்கமாகக் கொஞ்சம் நகரப் பார்த்தேன். ஏனோ முடியவில்லை.

வேலையை ஆரம்பித்தேன். மணிச் சத்தம் அவளுக்கு ஆகவில்லை. காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விடுவாள். மணி அடிப்பதற்கு முன் சார் அவளிடம் சிவப்பு அட்டையைக் காட்டுவது என்று வைத்தோம். காட்டினால் தானே காதைப் பொத்திக்கொள்வாள், மணி அடித்தபின் கையை எடுத்துவிடுவாள். பிரார்த்தனை, தமிழ், கணக்கு, சாப்பாடு, வீடு என்று ஒவ்வொன்றுக்கும் படம் வரைந்து அவள் பெஞ்சுக்கு எதிர்ச் சுவரில் வரிசையாக மாட்டினேன். ஒன்று முடிந்ததும் அந்தப் படத்தை அவளே திருப்பி வைக்கவேண்டும். கை பரபரக்கும்போது துழாவுவதற்கு ஒரு பால் பவுடர் டப்பாவில் கல்லுப்பு நிரப்பிக் கொடுத்தேன். ஒரு மாதத்தில் முழுதாக ஒரு மணி நேரம் உட்கார்ந்தாள். எழுத்துக்களின் மேல் விரலை ஓட்டினாள். சார் பிரம்பால் மேசையைத் தட்டுவதை விட்டுவிட்டார்.

ஜெர்லினின் அம்மா இன்னாசிமேரியைப் பார்க்க அவர்கள் இருந்த இடத்துக்குப் போனேன். குப்பத்துக்காரர்களுக்கு அரசாங்கம் போட்டுக்கொடுத்த தார் ஷீட் கொட்டகைகள். உள்ளே உலைபோல் சூடு. அவள் புருஷன் அமிர்தராஜ் கடலுக்குப் போயிருந்தான். அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம பூசைக்குப் போயிட்டேன் டீச்சர். இவளுக்குக் கோயில் மைக் சத்தம் ஆவாது, அழுவா. பூங்கா அவங்கம்மா கூட மீன் வாங்க கரைக்கு வந்துச்சி. மழ மாசத்துல அளத்துல வேல கெடையாதில்ல, கொளஞ்சி கூடைல மீன் எடுத்துப்போயி விப்பா. நான் பாத்துக்கறங்க்கா, நீங்க போங்கன்னு அந்தப் புள்ளதான் சொல்லிச்சி. அப்புறம் தண்ணி வந்துச்சி. இவ சவுக்குத்தோப்புல ஒரு மரத்தப் புடிச்சிக்கிட்டு நின்னுட்டிருந்தா. பூங்காவ கொளஞ்சி கையில இருந்து அல புடுங்கிட்டுப் போயிடுச்சின்னாங்க."

ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒரு நாள் பெயர் கூப்பிடும் நேரத்தில் மேற்கு ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பது வயது இருக்கும். புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகி, கணுக்கால் வரை உப்பு காய்ந்து வெள்ளையாகப் பூத்திருந்தது. 'உள்ளேன் ஸ்ஸார்' என்ற குரல் வந்ததும் ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். அழவில்லை. காதைக் கம்பிக்கு நடுவில் வைத்துக் கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு அளத்துக்குப் போய்விட்டாள். அது கொளஞ்சி என்று சார் சொன்னார்.

அடுத்தடுத்த நாட்களும் வந்தாள். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. ஜெர்லின் பள்ளியில் ஒருவாய்கூடச் சாப்பிடுவதில்லை. முன்பு பூங்காவனம் ஊட்டினால்தான் சாப்பிடுவாளாம். கொளஞ்சியின் கை அவளுக்குப் பழகிய கை. மத்தியானம் அரைமணி நேரம் வந்து சாப்பிட வைத்தால் என்ன? அந்தப் பெண்ணுக்கும் மனசுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். நானே கேட்டேன். சாரும் சரியென்றார், இன்னாசிமேரியும் சரியென்றாள்.

"நான் வரலாங்களா டீச்சர்? உள்ளயே வரலாங்களா?" என்று கொளஞ்சி இரண்டு முறை கேட்டாள்.

முதல் நாளே ஜெர்லின் சாப்பிட்டாள். சத்துணவுச் சோற்றில் முட்டையைப் பிட்டு வைத்து கொளஞ்சி ஊட்ட, வாயைத் திறந்தாள். இரண்டாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பிட்டு முடித்தபின், "தண்ணி வேணும்" என்றாள். நான் எழுந்து நின்றுவிட்டேன். பெயர் கூப்பிடும்போது வருவது வெறும் எதிரொலி. இது அப்படி இல்லை. தாகம் எடுத்து, வார்த்தையைத் தேடி, கேட்டிருக்கிறாள். ஒரு குழந்தை வாழ்க்கையில் முதல் முறையாகத் தனக்கு வேண்டியதைக் கேட்டிருக்கிறது. அன்று என் குறிப்பேட்டில் 'முதல் சுயப் பேச்சு' என்று எழுதி இரண்டு கோடு போட்டேன்.

அது பூங்காவனத்தின் குரலில்தான் வந்தது. அதை நான் எழுதவில்லை.

பேச்சு வளர்ந்தது. 'சோறு வேணாம்', 'காத்து வருது', 'வெளிய போலாம்.' எல்லாமே அந்தக் கரகரப்பும் சீறலுமாக. கண்ணை மூடிக்கொண்டால் வராந்தாவில் அம்மாவும் மகளும் பேசிக்கொண்டிருப்பதாகத்தான் கேட்கும். பிள்ளைகள் அந்த நேரத்தில் வராந்தாப் பக்கம் வரமாட்டார்கள், சுற்றிக்கொண்டு போவார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை நான் போனபோது ஜெர்லினுக்கு இரட்டைப் பின்னல் போட்டு சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. அடுத்த வாரம் ஒரு பச்சைப் பாவாடை. "பூங்காவோடது. சும்மாதான கெடக்குது" என்றாள் கொளஞ்சி. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் நான் தூணுக்குப் பின்னால் நின்று படங்களுக்குக் கோந்து தடவிக்கொண்டிருந்தேன். கொளஞ்சிக்கு நான் இருப்பது தெரியாது.

"எம்மேல கோவமாடி?" என்று கேட்டாள்.

ஆடிக்கொண்டிருந்த ஜெர்லின் நின்றாள். "இல்லம்மா."

"நெசமாவா?"

"இல்லம்மா. இல்லம்மா."

எப்போதோ பூங்காவனம் அவள் அம்மாவிடம் சொன்னதாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேள்விக்குப் பொருத்தமாக விழுந்தது தற்செயல். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஆனாலும் என் கைகளில் மயிர் குத்திட்டு நின்றது.

அந்த வெள்ளிக்கிழமை இன்னாசிமேரி பள்ளிக்கு வந்தாள். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"டீச்சர், இனிமே கொளஞ்சி வர வேணாம்."

"ஏன், என்னாச்சி?"

"ஜெர்லின்னு கூப்ட்டா திரும்ப மாட்டேங்குது. பூங்கான்னு கூப்ட்டாத்தான் திரும்புது. நேத்து காலையில தலைக்கு எண்ண வெச்சிட்டிருந்தேன். என் மொகத்தப் பாத்து, 'நான் வீட்டுக்குப் போறங்க்கா, அம்மா தேடும்'னு சொல்லுது." அவள் உதடு கோணியது. "ஒன்பது வருஷமா அம்மான்னு ஒரு வார்த்தைக்குத் தவம் கெடந்தேன் டீச்சர். இப்ப எம்பொண்ணு என்னை அக்கான்னு கூப்புடுது."

 யோசனை என்னுடையது. சாப்பிடுகிறாள், பேசுகிறாள் என்று கோடு போட்டுக்கொண்டிருந்தேனே தவிர, சாப்பிடுவது யார் என்று பார்க்கவில்லை.

அன்றே கொளஞ்சியிடம் சொன்னேன். கொஞ்ச நாளைக்கு வரவேண்டாம், ஜெர்லினுக்கு அவள் பெயரும் அவள் அம்மாவும் முதலில் பதியட்டும் என்றேன். கொளஞ்சி தலையை ஆட்டினாள். "சரிங்க டீச்சர்" என்றாள். அவ்வளவு சுலபமாக அவள் ஒப்புக்கொண்டதுதான் எனக்கு உறுத்தியது.

செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்கு வெளியே விட்டார்கள். பிள்ளைகள் திரும்பி வந்தபோது ஜெர்லின் வரவில்லை. பாத்ரூமில் இல்லை, வேப்பமரத்தடியில் இல்லை. அமுதா அழுதுகொண்டே சொன்னாள். "பூங்கா அம்மா வந்து கூட்டிக்கினு போச்சி டீச்சர். 'எங்க போறோம்?'னு கேட்டுச்சி. ஜெர்லின் கேக்கல டீச்சர், பூங்காதான் கேட்டுச்சி."

சார் ஒரு பையனை இன்னாசிமேரியிடம் ஓடவிட்டார். நான் உப்பளத்துக்கு ஓடினேன். அன்றைக்கு அளத்துக்கு வார விடுமுறை, வேலை செய்பவர்கள் யாரும் இல்லை. பாத்திகளில் தேங்கிய உப்புத்தண்ணீரில் வானம் அப்படியே விழுந்திருந்தது. வரப்பில் நடப்பவர்களைத் தூரத்திலிருந்து பார்த்தால் ஆகாயத்தில் நடப்பதுபோல் இருக்கும். எனக்கு வெகு தூரத்தில் கிழக்குப் பக்கமாகத் திரும்பும் வரப்பில் அவர்கள் தெரிந்தார்கள். ஒரு பெரியவள். அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் இரண்டு சின்ன உருவங்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். மூன்று பேர்தான். கானல் அசைந்தது. ஓடிக்கொண்டே மறுபடி பார்த்தபோது இரண்டு பேர் இருந்தார்கள். அந்த வெளிச்சத்தில் கண் எதை வேண்டுமானாலும் காட்டும். யாருக்கும் இதை நான் சொன்னதில்லை.

சவுக்குத்தோப்பில் போய்ச் சேர்ந்தபோது எனக்கு மூச்சு இரைத்தது. இன்னாசிமேரியும் குப்பத்துப் பக்கமிருந்து ஓடிவந்தாள். தோப்பு முடிந்து மணல் ஆரம்பிக்கும் இடத்தில் கொளஞ்சி முட்டி போட்டு உட்கார்ந்து ஜெர்லினின் தோள்களைப் பிடித்திருந்தாள். எதிரே கடல். அலை பெரிதாக இல்லை.

"இங்கதான நின்னோம். சொல்லு. கோவமில்லன்னு இங்க வெச்சி சொல்லு" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இன்னாசிமேரி மகளைப் பிடித்து இழுக்கப் போனாள். ஜெர்லின் அலறிவிடுவாளோ என்று பயந்து நான் இன்னாசிமேரியின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

ஜெர்லின் ஆடவில்லை. கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தொண்டையிலிருந்து முதலில் ஒரு இரைச்சல் வந்தது. பல பேர் ஒரே நேரத்தில் கத்துவதுபோல, தூரத்திலிருந்து. பிறகு அது நின்றது. பிறகு ஒரு குரல் பேசியது. பூங்காவனத்தின் குரல் இல்லை. பெரிய பொம்பளையின் குரல்.

"தண்ணி உள்ள போயிடுச்சிடி. கூடை அங்க படகாண்ட கெடக்குது பாரு. ஓடிப்போயி எடுத்துக்கினு வந்துடு."

அது கொளஞ்சியின் குரல். கொளஞ்சி வாயை மூடியபடி எங்கள் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"பயமா இருக்குதும்மா." இது பூங்காவனம்.

"நான் இங்கதான நிக்கறேன். புதுக் கூடைடி. ஓடு."

பிறகு பூங்காவனம், மிக அருகில், யாரோ ஒருவர் காதில் மட்டும் சொல்வதுபோல்: "நீ வராத ஜெர்லி. இந்த மரத்தப் புடிச்சிக்க. விடாத. நான் வந்துடறேன்."

அதற்குமேல் ஒன்றும் இல்லை. ஜெர்லின் பக்கத்திலிருந்த சவுக்கு மரத்தை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

கொளஞ்சி மணலில் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். 

"அல புடுங்கல" என்றாள் கடைசியில். "நான்தான் அனுப்பனேன். மொதல் அல வந்து எல்லாரும் மேல ஓடியாந்துட்டோம். தண்ணி திரும்பிப் போனதும் அவ்ளோதான்னு நெனச்சேன். கூடைக்கு அனுப்பனேன் டீச்சர். எம்புருஷன்கிட்ட சொல்லல, எங்கம்மாகிட்ட சொல்லல. பாத்த ஆளு யாருமில்ல, இந்தப் புள்ள ஒண்ணுதான். இதுதான் பேசாதேன்னு இருந்தேன். ஜூன் மாசம் பேசுதுன்னாங்க." முந்தானையால் வாயைப் பொத்தினாள். "எங்க சொல்லிடப் போவுதோன்னு பயந்துதான் மொதல்ல ஜன்னலாண்ட வந்து நின்னேன். அப்புறம் அவ கொரலக் கேட்டுட்டேன். அப்புறம் எனக்கு எதுவும் தோணல."

இன்னாசிமேரி என் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டாள். கொளஞ்சியை அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் போய் மரத்தடியில் மகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, அவளையும் மரத்தையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

"வராதன்னு சொல்லிட்டுப் போயிருக்குதே" என்றாள். "எம்புள்ளயப் புடிச்சி நிக்கவெச்சிட்டுப் போயிருக்குதே கொளஞ்சி."

அப்போதுதான் கொளஞ்சி அழுதாள். இந்த எட்டு மாதத்தில் அவள் அழுது யாரும் பார்த்ததில்லை என்று பிறகு சொன்னார்கள்.

அந்தச் சம்பவத்தைப் பற்றி நான் எந்த அறிக்கையிலும் எழுதவில்லை. பலராமன் சாரும் கேட்கவில்லை. கொளஞ்சி அவள் புருஷனிடம் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. ஒரு மாதம் அவள் பள்ளிப் பக்கம் வரவில்லை. ஜெர்லினும் அந்த ஒரு மாதம் எந்தக் குரலிலும் பேசவில்லை. பெயர் கூப்பிடும்போது பானுமதிக்கு அப்புறம் சார் வழக்கம்போல் நிறுத்துவார், ஒன்றும் வராது. பிள்ளைகள் அதற்கும் பயந்தார்கள். சாப்பாடும் நின்றுபோனது. டப்பாவில் இருந்த உப்பையே துழாவிக்கொண்டிருந்தாள். பழைய படிவத்தில் அடித்து அடித்து எழுதியிருந்த இடத்தில் மறுபடி 'இல்லை' என்று எழுதவேண்டி வருமோ என்று பயந்தேன்.

கடைசியில் இன்னாசிமேரிதான் கொளஞ்சியின் வீட்டுக்குப் போய்க் கூட்டிவந்தாள். அக்டோபரில் ஒரு மத்தியானம் இரண்டு பேரும் ஒன்றாக வராந்தாவில் வந்து உட்கார்ந்தார்கள். சில விஷயங்களைப் பேசி வைத்துக்கொண்டோம். பாவாடை வேண்டாம், ரிப்பன் வேண்டாம். ஜெர்லின் என்றுதான் கூப்பிட வேண்டும். ஊட்டுவது இன்னாசிமேரி, கொளஞ்சி பக்கத்தில் இருப்பாள். ஜெர்லின் ஏதாவது கேட்டால், அந்தக் குரல் யாருடையதாக இருந்தாலும், ஜெர்லின் கேட்டதாக எடுத்துக்கொண்டு பதில் சொல்லவேண்டும்.

இந்தக் கடைசி விஷயம்தான் கொளஞ்சிக்குக் கஷ்டமாக இருந்தது. முதல் நாள், "மோரு" என்று அந்தக் கரகரத்த குரல் கேட்டபோது, கொளஞ்சியின் வாய் 'பூ' என்று குவிந்ததை நான் பார்த்தேன். கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, "இந்தா ஜெர்லின்" என்றாள்.

ஜெர்லின் டம்ளரை வாங்கிக்கொண்டாள். வேறு குரல் அவளுக்குக் கிடையாது, கடன் வாங்கியதை வைத்துத்தான் பேசினாள். டிசம்பருக்குள் மூன்று வார்த்தை, நான்கு வார்த்தைச் சொற்றொடர்கள் வந்துவிட்டன. பூங்காவனம் ஒருபோதும் சொல்லியிருக்க முடியாதவை வந்தன. என் புதுச் செருப்பைப் பார்த்து, "டீச்சர் செருப்பு நீலம்" என்றாள். பொங்கலுக்கு முந்தைய வாரம் இன்னாசிமேரியின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்து, "ம்மா, வா" என்றாள். பல் விழுந்த சீறலோடு, செத்துப்போன பிள்ளையின் குரலில், தன் அம்மாவை. இன்னாசிமேரி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் பாதி சந்தோஷம், பாதி பயம். ஆனால் எழுந்து போனாள்.

பெஞ்சில் அவள் பக்கத்தில் இப்போது எழிலரசி உட்கார்ந்தாள். எழிலரசி வருகிறபோது ஜெர்லின் நகர்ந்து இடம் கொடுப்பாள். கொஞ்சம் அதிகமாகவே நகர்வாள். எழிலரசி அதைப் பழகிக்கொண்டாள்.

2006 ஏப்ரலில் எனக்கு வேறு வட்டாரத்துக்கு மாற்றல் வந்தது. கடைசி நாள் ஜெர்லினுக்குப் புதுப் பட அட்டைகள் செய்து சாரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். கொளஞ்சி சாலை வரைக்கும் கூட வந்தாள். அளத்தில் முழு வேகத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த சமயம், அன்றைக்கு அரை நாள் லீவு போட்டிருந்தாள். பஸ் வருகிறவரை நின்றோம்.

"டீச்சர், ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சிக்காதீங்க."

"கேளுங்கக்கா."

"பொம்பளப் புள்ளைங்க பெரியவளானா கொரல் மாறுமா?"

"கொஞ்சம் மாறும். பசங்க அளவுக்கு இருக்காது. ஆனா மாறும்."

"ஜெர்லினுக்கும் மாறுமில்ல?"

"மாறும்க்கா."

அவள் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழ்புத்துப்பட்டுப் பக்கமிருந்து பஸ் வருவது தெரிந்தது.

"அப்ப பூங்காவுக்கு எப்பிடி மாறியிருக்கும்னு எனக்குத் தெரிஞ்சிடும்" என்றாள். "எந்த வயசுல மாறும் டீச்சர்?"

பன்னிரண்டு, பதின்மூன்று என்றேன். கொளஞ்சி விரல்களை மடக்கி எண்ணிப் பார்த்தாள். நான் பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தபோதும் அவள் அந்த விரல்களைப் பிரிக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.